மூடிய ஏடுகள்: அமெரிக்கக் குற்றப் பதிவுகளும் மறதியின் விலையும்

1

1925ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'தி ரெட் கிமோனா' என்றொரு மௌனப்படம் வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் டோரதி டேவன்போர்ட். போதைப் பழக்கத்துக்கு இரையாகி 1923இல் இறந்துபோன நடிகர் வாலஸ் ரீடின் மனைவி அவர். கணவர் மறைந்த பின் 'திருமதி வாலஸ் ரீட்' என்ற பெயரிலேயே சமூகத் தீமைகளைச் சாடும் படங்களை எடுத்துவந்தார். இந்தப் படத்தில் ஒரு பெண் காதலனால் ஏமாற்றப்பட்டுப் பாலியல் தொழிலில் தள்ளப்படுகிறாள். ஒருநாள் அவனைச் சுட்டுக் கொல்கிறாள். நீதிமன்றம் அவளை விடுவிக்கிறது. அதன் பின் அவள் புதுவாழ்வு தேடி அலைகிறாள்.

கதை முழுக்கக் கற்பனையன்று. கேப்ரியேல் டார்லி என்ற பெண் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, 1918இல் விடுதலையானவர். படத்தின் நாயகிக்கும் அதே பெயர்தான். இது உண்மைக் கதை என்று விளம்பரங்களும் முழங்கின. அவர் வழக்குத் தொடுத்தார். மனுவில் சொல்லப்பட்டபடி, விடுதலைக்குப் பின் அவர் பழைய வாழ்வை அறவே கைவிட்டு, 1919இல் மெல்வின் என்பவரை மணந்து, கண்ணியமான இல்லறம் நடத்திவந்தார். அவருடைய பழைய கதையை அறியாத நண்பர்கள் பலர் இருந்தனர். படம் வந்ததும் அவர்கள் அறிந்துகொண்டார்கள், விலகிப் போனார்கள்.

1931இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இரண்டு கூறுகளைக் கொண்டது. கொலை வழக்கின் நிகழ்ச்சிகள் நீதிமன்ற ஏட்டில் உள்ளவை, அவை பொதுவுடைமை, அவற்றை எவரும் கதையாக்கலாம், படமாக்கலாம். இது முதற்கூறு. ஆனால் திருந்தி வாழும் ஒருவரின் உண்மைப் பெயரை அந்நிகழ்ச்சிகளோடு சேர்த்து ஊரறிய விளம்பரம் செய்தது, மகிழ்ச்சியை நாடி வாழ மாநில அரசமைப்பு அவருக்களித்த உரிமையைப் பறிப்பதாகும். இது இரண்டாம் கூறு. நிகழ்வு ஊருக்குச் சொந்தம், பெயர் அவளுக்குச் சொந்தம் என்று நீதிபதிகள் பிரித்துக் காட்டினார்கள்.

ஏறத்தாழ நூறாண்டு பழைய இந்தத் தீர்ப்பை இங்கே நினைவுகூரக் காரணம் உண்டு. 2019 முதல் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சிறு குற்றங்களின் பதிவுகள் எவரும் கேளாமலே, நீதிபதி எவரும் பாராமலே, கணினியின் வாயிலாகத் தாமாக மூடப்படுகின்றன. இரக்கத்தின் பேரில் பிறந்த ஏற்பாடு இது. நாமும் இதை வரவேற்கவே விரும்புகிறோம். ஆயினும், ஓர் அரசு தன் ஏடுகளை மூடும்போது பொதுமக்கள் எதை இழக்கிறார்கள் என்ற கேள்வியை யாரேனும் கேட்டாக வேண்டும். மெல்வின் வழக்கின் நீதிபதிகள் பிரித்துக் காட்டிய இரண்டும் இந்த ஏற்பாட்டில் ஒரே பெட்டிக்குள் அடைபடுகின்றன என்பதே நம் கவலை.

2

குற்ற வழக்கின் ஏடுகள் ஏன் திறந்து கிடக்க வேண்டும்? குற்றவாளியை அவமானப்படுத்துவதற்காக என்றுதான் பலரும் எண்ணுவர். வரலாறு வேறு விடை சொல்கிறது. இங்கிலாந்தில் 'ஸ்டார் சேம்பர்' என்ற அரசவை நீதிமன்றம் இருந்தது. ஜூரிகள் இல்லாமலே விசாரித்து, அரசனின் எதிரிகளை ஒடுக்கும் கருவியாக அது மாறியது. 1641இல் நாடாளுமன்றம் அதை ஒழித்தது. அதன் பெயர் மட்டும் அச்சமூட்டும் சொல்லாக நிலைத்துவிட்டது. அந்த அச்சத்தின் வாரிசுகளான அமெரிக்கக் குடியரசினர், 1791இல் ஏற்ற ஆறாவது அரசமைப்புத் திருத்தத்தில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு விரைவான, பகிரங்கமான விசாரணை வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். ஆக, திறந்த ஏடு முதலில் குடிமகனுக்குக் கேடயமாகத்தான் பிறந்தது. அரசு யாரைப் பிடித்தது, எதற்காகப் பிடித்தது, என்ன செய்தது என்று ஊர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

திறந்து கிடந்த அந்த ஏடுகளை நெடுங்காலம் எவரும் பார்க்கவில்லை என்பதும் உண்மை. அவை மாவட்டத் தலைநகரின் நீதிமன்றக் கிடங்கில் தூசி படிந்து கிடந்தன. ஒருவனுடைய பழைய வழக்கைத் தேட வேண்டுமானால் ஊர் தெரிய வேண்டும், ஆண்டு தெரிய வேண்டும், எழுத்தரின் மனமும் இளக வேண்டும். குற்றம் செய்தவன் அடுத்த மாநிலத்துக்கு ரயிலேறினால் போதும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் ஊரையே மாற்றிக்கொள்ள அந்தப் பரந்த நாட்டில் வழி இருந்தது. சட்டம் வழங்காத மன்னிப்பைத் தூரமும் தூசியும் வழங்கின.

இந்த நிலையை மாற்றியது நடுவண் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 1924இல் அது கைரேகைகளுக்கென ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது. 1967இல் நாடு தழுவிய கணினித் தகவல் மையத்தை அமைத்தது. சிதறிக் கிடந்த துண்டுகள் ஒருவருக்கு ஒரு பட்டியல் என்று தொகுக்கப்பட்டன. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தபோது, இரண்டு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பட்டியல்கள் அந்தத் துறையிடம் இருந்தன. அவற்றுள் ஒன்றைத் தரும்படி பத்திரிகையாளர்கள் கேட்டிருந்தார்கள். நீதிமன்றம் மறுத்தது. ஊரூராகத் தேடினால் கிடைக்கக்கூடிய தாள்கள் வேறு, ஒரே இடத்தில் திரட்டிவைத்த தொகுப்பு வேறு. தேடுவதற்கு இருந்த கடினமே தனிமனிதருக்கு ஒரு பாதுகாப்பாக இருந்தது என்று அது சொல்லிற்று.

அந்தப் பாதுகாப்பு நீடிக்கவில்லை. தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் நீதிமன்றங்கள் தாமே தம் ஏடுகளை இணையத்தில் ஏற்றின. தனியார் நிறுவனங்கள் அவற்றை மொத்தமாக வாங்கி விற்றன. தண்டனைப் பதிவுகளைச் சொல்வதற்கு நடுவண் சட்டத்திலிருந்த கால வரம்பும் 1998இல் நீக்கப்பட்டது. வேலைக்கு, வாடகை வீட்டுக்கு, கல்லூரிச் சேர்க்கைக்குப் பின்னணிச் சரிபார்ப்பு வழக்கமாயிற்று. பத்தொன்பது வயதில் ஒரு கடையில் சிறு பொருளைத் திருடியவர் நாற்பத்தைந்து வயதிலும் அந்தக் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வயது வந்த அமெரிக்கர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகைக் குற்றப் பதிவு உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அரசைக் கண்காணிக்கப் பிறந்த ஏடு, குடிமகனைக் கண்காணிக்கும் ஏடாகிவிட்டது.

3

இதற்குப் பரிகாரம் சட்டத்தில் இல்லாமலில்லை. பல மாநிலங்களில், குறித்த காலம் குற்றமின்றி வாழ்ந்தவர் நீதிமன்றத்தில் மனுச் செய்து தம் பதிவை மூடச் செய்யலாம். எத்தனை பேர் அப்படிச் செய்தார்கள்? மிச்சிகன் மாநிலத்தின் தரவுகளை ஆராய்ந்து ஜே. ஜே. பிரெஸ்காட், சோன்யா ஸ்டார் என்ற இரு சட்ட அறிஞர்கள் 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தகுதி பெற்றவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் அந்தப் பலனை அடைந்தவர்கள் 6.5 விழுக்காட்டினர்தாம். எஞ்சியோர் சட்டம் தெரியாதவர்கள், வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள், மீண்டும் ஒருமுறை நீதிமன்றப் படியேற அஞ்சியவர்கள். அந்தப் படியை ஏறியவர்களின் ஊதியமோ ஓராண்டுக்குள் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. அவர்கள் மீண்டும் குற்றம் புரிவதும் மிக அரிதாக இருந்தது.

பழைய குற்றம் எத்தனை காலத்துக்கு ஓர் எச்சரிக்கையாகப் பயன்படும் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆல்பிரட் பிளம்ஸ்டீன், கிமினோரி நகமுரா இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, நியூயார்க் மாநிலத்தில் 1980இல் முதன்முறையாகக் கைதானவர்களைப் பின்தொடர்ந்தது. பதினெட்டு வயதில் வழிப்பறிக்காகக் கைதானவர் 7.7 ஆண்டுகள் குற்றமின்றிக் கழித்துவிட்டால், அவர் மீண்டும் கைதாகும் வாய்ப்பு அதே வயதுடைய பொதுமக்களின் வாய்ப்பளவுக்கு இறங்கிவிடுகிறது. கன்னக்கோல் திருட்டுக்கு இது 3.8 ஆண்டுகள். அதற்குப் பின்னும் அந்தப் பழைய தாளைக் காட்டி ஒருவரை ஒதுக்குவது பகுத்தறிவுக்கு ஒவ்வாது.

இவ்விரு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால், மனுவுக்குக் காத்திராமல் பதிவுகளைத் தாமாகவே மூட வேண்டும் என்ற முடிவுக்கு வருவது இயல்பு. அந்த முடிவுக்கு முதலில் வந்தது பென்சில்வேனியா. 2018 ஜூன் 28 அன்று அம்மாநில ஆளுநர் டாம் உல்ஃப் ஒப்பமிட்ட சட்டத்தின் பெயர் 'தூய பலகை' என்று பொருள்படும். இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம் அது. சரியாக ஓராண்டு கழித்துக் கணினிகள் வேலையைத் தொடங்கின. தண்டனையில் முடியாத வழக்குகளும், பத்தாண்டு குற்றமின்றிக் கழித்தவர்களின் சிறு குற்றங்களும் பொதுப் பார்வையிலிருந்து நீக்கப்பட்டன. வன்முறை, பாலியல், துப்பாக்கிக் குற்றங்கள் விலக்கப்பட்டன. முதல் ஓராண்டிலேயே மூன்று கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் மூடப்பட்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயனடைந்தார்கள். எந்த நீதிபதியும் ஓர் ஆயுளில் செய்ய முடியாத காரியம் இது.

சட்டம் பின்னர் விரிந்தது. அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் பாக்கி வைத்திருந்தவர்களுக்கு இருந்த தடை 2020இல் நீங்கியது. 2023 திசம்பரில் காத்திருக்கும் காலம் சிறு குற்றங்களுக்கு ஏழாண்டாகக் குறைந்தது; போதைப்பொருள் சார்ந்த சில பெருங்குற்றங்களும் உள்ளே வந்தன. யூட்டா, நியூ ஜெர்சி, மிச்சிகன், கலிபோர்னியா முதலிய மாநிலங்கள் தத்தம் வடிவில் இதைப் பின்பற்றின. நியூயார்க்கின் சட்டம் 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

மூடுதல் என்பது அழித்தல் அன்று என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். காவல்துறையும் அரசு வழக்கறிஞர்களும் நீதிமன்றங்களும் மூடிய பதிவைக் காணலாம். காண முடியாதவர்கள் பொதுமக்கள். பதிவுக்கு உரியவர், அந்தக் குற்றம் நிகழவேயில்லை என்பதுபோல் விடையளிக்கவும் பென்சில்வேனியச் சட்டம் இடம் தருகிறது.

4

இனி விலையைப் பார்ப்போம்.

முதல் விலையைக் கொடுப்பவர்கள் குற்றமே செய்யாதவர்கள். கேட்பதற்கு விந்தையாக இருக்கும். வேலை விண்ணப்பத்தில் குற்றப் பதிவு பற்றிய கேள்வியைத் தடைசெய்யும் சட்டங்கள் பல மாநிலங்களில் வந்தன. அமாண்டா ஏகன் என்பவரும், மிச்சிகன் ஆய்வைச் செய்த அதே சோன்யா ஸ்டாரும் அந்தச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் ஏறத்தாழ 15,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். கேள்வி இருந்தபோது, வெள்ளையர் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்குக் கறுப்பர் பெயர் கொண்டவற்றைவிட 7 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது. கேள்வி நீங்கிய பின் அந்த வேற்றுமை 43 விழுக்காடாயிற்று. 2018இல் வெளியான இந்த முடிவின் பொருள் எளியது. தாளைப் பார்க்க முடியாத முதலாளி முகத்தைப் பார்த்து ஊகிக்கிறார். பதிவே இல்லாத கறுப்பின இளைஞன், தன் தூய்மையைக் காட்ட இருந்த ஒரே சான்றை இழந்துவிடுகிறான்.

விண்ணப்பத்தில் கேள்வியை நீக்குவதும் பதிவை மூடுவதும் ஒன்றல்ல என்று வாதிடலாம். சரியே. முன்னதில் பின்னொரு நாள் உண்மை வெளிப்படும், பின்னதில் வெளிப்படாது. ஆனால் தகவலை மறைத்தால் ஐயம் மறையாது, இடம் மாறி உட்காரும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது. ஒருவருக்குக் காட்டிய இரக்கத்தின் செலவு, அவரைப்போல் தோற்றமளிக்கும் இன்னொருவரின் கணக்கில் எழுதப்படக்கூடும்.

இரண்டாம் விலை, இந்த இரக்கத்தின் பலன் பற்றியது. மிச்சிகனில் ஊதியம் உயர்ந்தது என்று கண்டோம். அவர்கள் மனுப்போட்டு, அலைந்து, முயன்று பெற்றவர்கள், முயற்சியுடையவர்கள். தாமாக மூடப்பட்ட பதிவுகளுக்கு அதே பலன் உண்டா? 2024இல் ஏகன் முதலிய ஐந்து பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வேடு, ஏற்கெனவே உள்ள பதிவை நீக்குவதால் சராசரியில் வேலைவாய்ப்பு மேம்படவில்லை என்று சொன்னது. செயலி வழியாகக் கிடைக்கும் உதிரி வேலைகளில் மட்டும் சிறிது பலன் தென்பட்டது. காரணங்களை ஊகிக்கலாம். பத்தாண்டு வேலையின்றி இருந்தவருக்குப் பதிவு நீங்கினாலும் அந்தப் பத்தாண்டு வெற்றிடம் நீங்குவதில்லை. தம் பதிவு மூடப்பட்டது என்பதை அறியாதவர், கேள்வி வரும் என்று அஞ்சி விண்ணப்பிக்காமலே இருந்துவிடவும் கூடும். இயந்திரம் கதவைத் திறந்துவிடுகிறது. கதவு திறந்திருப்பதை உள்ளே இருப்பவரிடம் சொல்வதற்கு ஆளில்லை.

மூன்றாம் விலையைத் தீங்குக்கு ஆளானவர் கொடுக்கிறார். ஒருவரின் பழைய நடத்தையைக் கவனிக்காமல் வேலைக்கு வைத்து, அவரால் மூன்றாமவருக்குத் தீங்கு நேர்ந்தால், முதலாளி மீது இழப்பீடு கேட்க அமெரிக்கச் சட்டம் இடமளித்துவந்தது. பதிவு மூடப்பட்டவரை வேலைக்கு வைத்தவருக்கு, அந்த மூடிய பகுதியோடு தொடர்புடைய தீச்செயலுக்காகப் பொறுப்பில்லை என்று பென்சில்வேனியச் சட்டம் சொல்கிறது. முதலாளியைப் பொறுத்தவரை இது நியாயமே. காணக்கூடாது என்று அரசு மறைத்ததைக் காணவில்லை என்று அவரைத் தண்டிக்க முடியாது. ஆனால் பாதிக்கப்பட்டவர் எங்கே போவார்? அரசு மறக்க முடிவு செய்தது, முதலாளி காப்பாற்றப்பட்டார், இழப்பு அவர் தலையில் விழுகிறது. இத்தகைய நிகழ்வுகள் அரிதாகவே இருக்கும் என்பதைப் பிளம்ஸ்டீனின் கணக்கிலிருந்து உய்த்துணரலாம். அரிது என்பதாலேயே அந்த ஒருவருக்கு அரசு ஈடுசெய்வது கடினமாக இராது. மூன்று கோடி வழக்குகளை மூட முடிந்த ஓர் அரசுக்கு அவருக்கென ஒரு சிறு நிதியை ஒதுக்க முடியாதா?

நான்காவதாக, நீதிபதியின் பார்வை. மனு முறையில் அரசு வழக்கறிஞர் மறுப்புச் சொல்லலாம். நீதிபதி இருவரையும் கேட்டு, ஆளையும் பார்த்து முடிவு செய்வார். கணினிக்குச் சட்டப்பிரிவு எண்ணும் தேதியும்தான் தெரியும். பேரம் பேசிக் குறைக்கப்பட்ட குற்றச்சாட்டும், உண்மையிலேயே சிறிதான குற்றமும் அதற்கு ஒன்றுதான். மனைவியை அடித்தவன் அரசு வழக்கறிஞரோடு உடன்பட்டு 'ஒழுங்கீனமான நடத்தை' என்ற சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால், ஏட்டில் நிற்பது ஒப்புக்கொண்டதுதான். ஏட்டின் மொழிக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை மனிதக் கண் மட்டுமே காணும். பத்து லட்சம் பேருக்கு அந்தக் கண்ணைத் தர முடியாது என்பதால்தான் இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள் என்பதையும் நாம் மறக்கவில்லை.

5

மேற்சொன்ன விலைகளைப் பற்றிப் பொருளியலாளரும் வழக்கறிஞரும் பேசத்தான் செய்கிறார்கள். அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. ஏடுகளை நம்பிப் பிழைக்கும் நம்மைப் போன்றோர் பேச வேண்டியது அது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், விடுதலையில் முடிந்த குற்ற வழக்குகளின் ஏடுகளைத் தாமாகவே மூடிவிடும் சட்டம் ஒன்று இருந்தது. குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டவரின் ஏட்டை ஏன் பிறர் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னே இருந்தது. 'பாஸ்டன் குளோப்' நாளிதழ் அதை எதிர்த்து வழக்காடியது. 1989இல், உச்ச நீதிமன்றம் மேலே கண்ட தீர்ப்பை வழங்கிய அதே ஆண்டில், நடுவண் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று நாளிதழின் பக்கம் நின்றது. ஒட்டுமொத்தமாக மூடுவது முதலாவது அரசமைப்புத் திருத்தம் தரும் உரிமைக்கு முரணானது; மூட வேண்டுமானால் வழக்குக்கு வழக்கு காரணம் காட்டி மூடலாம் என்றது.

அந்தத் தீர்ப்பின் அருமை 2011இல் தெரிந்தது. அதே நாளிதழின் புலனாய்வுக் குழு, குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்குகளை எண்ணிப் பார்த்தது. ஜூரிகளைத் தவிர்த்து நீதிபதியே தனித்து விசாரித்த வழக்குகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் விடுதலையில் முடிந்திருந்தன. ஓட்டுநர்களைப் பற்றிய செய்தியாக அன்றி, நீதிபதிகளைப் பற்றிய செய்தியாகவே அது அமைந்தது. விடுதலை ஏடுகள் ஒட்டுமொத்தமாக மூடிக் கிடக்கும் ஊரில் இத்தகைய கணக்கை ஒரு நாளிதழ் எடுக்க இயலாது. 1641இல் ஒழிக்கப்பட்ட அந்த நீதிமன்றத்தை அஞ்சியவர்கள் எதற்காகத் திறந்த ஏட்டைக் கேட்டார்களோ, அது இங்கே நிறைவேறியது.

2014இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், தள்ளுபடி முதலிய வழிகளில் முடிந்த வழக்கேடுகளை மூடுவதற்கான கடும் அளவுகோலைத் தளர்த்தி, தக்க காரணம் இருந்தால் போதும் என்றது. இணையத்தில் எளிதில் கிடைக்கும் பதிவு ஒருவரின் வேலையையும் வீட்டையும் எப்படிப் பறிக்கிறது என்பதை அது எடுத்துக்காட்டியது. இரு தீர்ப்புகளும் தத்தம் வகையில் சரியானவை என்றே நமக்குப் படுகிறது. முன்னது நிகழ்வைக் காத்தது, பின்னது பெயரைக் காத்தது.

சிறு குற்ற ஏடுகள்தாம் அரசின் அன்றாட முகத்தைக் காட்டுபவை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். எந்தத் தெருவில் நின்றவர்களை மட்டும் காவலர் பிடித்தார்கள், எந்தத் தோல்நிறத்தாரின் வழக்குகள் தள்ளுபடியாயின, யாருக்கு அபராதம், யாருக்குச் சிறை என்பவையெல்லாம் பெருங்கொலை வழக்குகளில் தெரிவதில்லை. அவை லட்சக்கணக்கான அற்ப வழக்குகளின் கூட்டுத்தொகையில்தான் தெரியும். மூடிய பெட்டிக்குள் குடிமகனின் தவறோடு அரசின் தவறும் போய்விடுகிறது. பெட்டியின் சாவி தொடர்ந்து அரசிடமே இருக்கிறது.

வரலாற்றுக்கு வருவோம். எளிய மனிதர்கள் தாமாக எதையும் எழுதிவைப்பதில்லை. அவர்கள் எழுத்தில் இடம்பெறுவது பெரும்பாலும் அரசிடம் சிக்கிக்கொள்ளும்போதுதான். இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1976இல் எழுதிய 'பாலாடைக்கட்டியும் புழுக்களும்' என்ற நூலில், பதினாறாம் நூற்றாண்டு மாவரைப்பாளர் ஒருவர் உயிர்பெற்று வருகிறார். மதவிசாரணை மன்றத்தின் ஏடுகள் இல்லையேல் அந்த மனிதர் இல்லை. லண்டனின் 'ஓல்ட் பெய்லி' நீதிமன்ற நடவடிக்கைகள் 1674 முதல் 1913 வரை அச்சானவை. 2003 முதல் இணையத்தில் ஏற்றப்பட்டு, 1,97,745 வழக்குகளைக் கொண்டிருக்கின்றன. கைக்குட்டை திருடியவனும், எசமானியின் துணியை அடகு வைத்த வேலைக்காரியும் அங்கேதான் தம் சொந்த வாயால் பேசுகிறார்கள். அந்தக் காலத்து அரசு தாமாக மூடும் சட்டம் ஒன்றை இயற்றி, திறக்கும் நாளைக் குறிக்காமல் விட்டிருந்தால், லண்டன் ஏழைகளின் வரலாற்றைப் பிரபுக்களின் நாட்குறிப்பிலிருந்துதான் எழுதியிருக்க வேண்டும்.

6

இவ்வளவு சொன்ன பின், ஏடுகளைத் திறந்தே வைக்க வேண்டும் என்பதுதான் நம் முடிவா என்று வாசகர் கேட்கலாம். இல்லை. திறந்த ஏட்டின் விலை இவையனைத்தினும் பெரிது. அதை நாடெங்கும் கோடிக்கணக்கானோர் நாள்தோறும் கொடுத்துவந்தார்கள். ஒருவரைப் பத்தொன்பது வயதிலேயே நிறுத்திவைக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை. மனுவின் வழியாகவே மன்னிப்பு என்றால், அது வழக்கறிஞரை அமர்த்த வசதியுள்ளவர்களுக்கான மன்னிப்பு. தாமாக மூடும் ஏற்பாடு அந்த அநீதியைத் துடைத்தது. அதைத் திரும்பப் பெற வேண்டுமென்று நாம் சொல்லமாட்டோம்.

நாம் கேட்பது வேறு. மெல்வின் வழக்கின் நீதிபதிகள் 1931இலேயே காட்டிய பிரிவினையைக் கணினிக்கும் கற்றுக்கொடுக்க முடியும். பெயரையும் பிறந்த தேதியையும் முகவரியையும் மறைத்துவிட்டு, கைதான இடம், குற்றச்சாட்டு, நீதிபதி, தீர்ப்பு, தண்டனை ஆகியவற்றைப் பொதுப் பார்வைக்கு விட்டுவைக்கலாம். சிற்றூர்களில் அவற்றைக் கொண்டே ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்றால், அங்கே ஆண்டு வாரியாகத் தொகுத்து வெளியிடலாம். பெயரைக் கொண்டு ஆளைத் தேடும் வழியை அடைத்து, நீதிபதியையோ காவல் நிலையத்தையோ கொண்டு தேடும் வழியைத் திறந்துவைப்பது கணினிக்குப் பெரிய காரியமன்று. அப்போது வேலை தேடுபவர் தப்புவார், நீதிபதி தப்பமாட்டார்.

பெயருக்கும் ஒரு காலவரை வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் மூடிவைக்கப்பட்டுப் பின் திறக்கப்படுகின்றன. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஏடுகள் 2022 ஏப்ரல் முதல் நாள் திறக்கப்பட்டன; பேரப்பிள்ளைகள் தம் பாட்டன்மாரைத் தேடிக் கண்டுகொண்டார்கள். மூடும் நாளைக் கணிக்கத் தெரிந்த கணினிக்குத் திறக்கும் நாளையும் சொல்லிவைக்கலாம். உரியவர் வாழும் காலமெல்லாம் அவர் பெயர் அவருக்கே சொந்தமாக இருக்கட்டும். அதற்குப் பின் அது வரலாற்றுக்குப் போகட்டும்.

கேப்ரியேல் டார்லியின் கதையை நாம் இங்கே எழுத முடிந்ததற்குக் காரணம், அவர் வென்ற வழக்கின் ஏடு திறந்திருப்பதுதான். தம் பெயரைக் காக்க வழக்காடியவர் அந்த வழக்காலேயே இன்றும் பெயர் சொல்லப்படுகிறார். இதை எழுதும்போது நமக்கும் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர் உயிரோடிருந்த காலத்தில் இதை எழுத நமக்கு உரிமை இருந்திருக்குமா? இருந்திராது என்றே தோன்றுகிறது.